ஏழு நாள் மாத்திரை

மார்ச் 3

அக்காவுக்கு,

நீ போனை எடுக்கப் போவதில்லை என்பது புரிந்துவிட்டது. மாமாவைக் கூப்பிட்டால் "அவ தூங்குறாப்பா" என்கிறார். அவருக்குப் பின்னாலிருந்து உன் குரல், "நல்லாத் தூங்குறேன்னு சொல்லுங்க" என்கிறது. ஆகவே கடிதம். கிழித்துப் போடுவதென்று முடிவு செய்திருந்தாலும் படித்துவிட்டுக் கிழி.

"உன் ஆஸ்பத்திரி மருந்துக் கடையிலேர்ந்து ரெண்டு அட்டை எடுத்து அனுப்புடா" என்று நீ கேட்டபோது நான் கவுண்டரில் நின்றிருந்தேன். எதிரே ஆட்கள் வரிசையில். "முடியாதுக்கா, சட்டம்" என்று சொல்லி முடித்துவிட்டேன், முன்பின் தெரியாதவரிடம் சொல்வதைப் போல. அதற்கு நீ கோபப்பட்டது நியாயம். ஆனால் பதில் இன்றைக்கும் அதேதான்.

உன் முதுகெலும்பில் இரண்டு எலும்புகளைத் திருகு வைத்து முடுக்கி ஒன்றாக்கியிருக்கிறார்கள். அந்த வலி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அதற்கு என்ன மாத்திரை வேண்டும் என்று மட்டும் தெரியும். நீ சாப்பிட்டது அபின் வகை மாத்திரை. அந்த வகைக்குப் போன வருடம் புதுச் சட்டம் வந்தது. ஆபரேஷன் ஆனவருக்கு ஒரு தடவையில் ஏழு நாளைக்கு மேல் எழுதக்கூடாது. மறுபடி வேண்டுமென்றால் டாக்டர் நேரில் பார்த்துத்தான் எழுத வேண்டும். சீட்டு இல்லாமல் ஒரு மாத்திரை இங்கிருந்து வெளியே போனால் என் உரிமம் போகும், நானும் உள்ளே போவேன். அதெல்லாம் பரவாயில்லை என்றே வைத்துக்கொள். நீ எவ்வளவு சாப்பிடுகிறாய், எதற்குச் சாப்பிடுகிறாய் என்று பார்க்காமல் அதை உனக்குத் தபாலில் அனுப்ப என் கை வராது.

அங்கே டாக்டர் என்ன சொல்கிறார், நடக்கிறாயா, எங்கே வலிக்கிறது என்று ஒன்றும் நீ சொல்லவில்லை. கத்தினாய், வைத்துவிட்டாய். எழுது. திட்டியாவது எழுது.

தம்பி


மார்ச் 8

மதிப்பிற்குரிய மருந்தாளுநர் ஐயா அவர்களுக்கு,

கிழிக்கவில்லை. கிழித்தால் துண்டுகளைக் குனிந்து பொறுக்க வேண்டும். அதனால் உன் கடிதம் தப்பித்தது.

திட்டியாவது எழுது என்றாய். சரி, வாங்கிக் கட்டிக்கொள்.

ஆபரேஷன் நன்றாகத்தான் செய்தார்கள். காலில் கரண்ட் அடிப்பதுபோல இழுத்துக்கொண்டிருந்த பழைய வலி, நான் கண் விழித்தபோதே இல்லை. அதற்காகச் சர்ஜனைக் கையெடுத்துக் கும்பிடலாம். இது வேறு. இது வெட்டிய இடம் ஆறுகிற வலி. மாத்திரை இருந்த வாரம் நான் எழுந்து நடந்தேன்டா. சமையலறைவரை, வாசல்வரை, அப்புறம் தெருமுனைவரை. பிசியோ பெண் கைதட்டினாள். "இப்படியே போனா சீக்கிரமே ஸ்டியரிங் பிடிக்கலாம்" என்றாள்.

வாரம் முடிந்தது, மாத்திரையும் முடிந்தது. வலிக்கு மட்டும் யாரும் சட்டத்தைப் படித்துக் காட்டவில்லை.

இங்கே பக்கத்துத் தெரு கிளினிக் டாக்டரம்மாவிடம் போனோம். "ஆபரேஷன் பண்ணவர்தான் எழுதணும்மா, நான் எழுதினா என்னைத்தான் கேள்வி கேப்பாங்க" என்றார். சர்ஜன் இருப்பது நகரத்தில், அரை நாள் பயணம். பஸ்ஸில் போனேன். இத்தனை வருடம் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தவள், இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, நடு சீட்டில், முன் கம்பியைப் பிடித்தபடி. ஒவ்வொரு குழியும் என் முதுகிலிருக்கும் திருகை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனது. டிரைவர் நல்ல பையன்தான், கிளட்ச்சைப் பூப்போல விடுகிறவன். அவனையும் மனதுக்குள் திட்டித் தீர்த்தேன்.

அங்கே போனால் சர்ஜன் ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறாராம். அவருடைய உதவி டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் கணினியைப் பார்த்துக் கேட்டார்: "இன்னுமா வலிக்குது?" அந்த "இன்னுமா" இருக்கிறதே, அதற்கு எந்தக் கடையிலும் மாத்திரை கிடையாது. மூன்று நாளைக்கு எழுதினார். மருந்துக் கவுண்டரில் உன்னைப் போலவே ஒருவன். அடையாள அட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், திரும்ப அட்டையைப் பார்த்தான். பக்கத்தில் நின்ற அம்மாள் தன் கைப்பையை இழுத்து அணைத்துக்கொண்டாள். திருடி ஆகிவிட்டேன்.

அந்த மாத்திரை, போய்வந்த பயணத்தின் வலிக்கே சரியாகப் போய்விட்டது. அப்புறம் படுத்தவள்தான். நடப்பதில்லை. மூச்சை இழுத்தால் இடுப்பு இழுக்கிறது, அதனால் வந்த இருமலையும் விழுங்கிக்கொள்கிறேன். "படுத்தே கெடந்தா கால்ல ரத்தம் கட்டும், நெஞ்சுல சளி கட்டும்" என்று பிசியோ பெண் பயமுறுத்துகிறாள். உன் மாமா நீரேற்று நிலையத்து ஷிப்டுக்குப் போய்விட்டால் பேச்சுத் துணைக்குக் கூரைதான். ஆறு மாதத்துக்குள் உடல்தகுதி காட்டாவிட்டால் என்னை டிப்போ அலுவலகத்தில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார்கள். ஓட்டத் தெரிந்தவளை உட்கார வைப்பதும் படுக்க வைப்பதும் எனக்கு ஒன்றுதான்.

நேற்று சில்லறை வந்தான். என் பஸ் கண்டக்டரை நீ பார்த்திருக்கிறாய். எவ்வளவு பெரிய நோட்டை நீட்டினாலும் முகம் சுளிக்காதவன், அதனால் டிப்போவே வைத்த பெயர். நான் கிடந்த கோலத்தைப் பார்த்து அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அக்கா, எனக்கு ஒரு ஆளைத் தெரியும். அதே மாத்திரைதான். சீட்டு கீட்டு எதுவும் கேக்க மாட்டான்" என்றான்.

இந்த வாரம் கொண்டு வருகிறான். உன் கை வராது. அவன் கை வருகிறது. உன் சட்டத்தை நீ பத்திரமாகப் பார்த்துக்கொள்.

அக்கா


மார்ச் 12

அக்கா,

உன் கடிதம் நேற்று மதியம் வந்தது. உடனே மாமாவிடம் போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அவரிடம் கோபித்துக்கொள்ளாதே. நீ போனுக்கு வரமாட்டாய் என்பதால் இதைக் கூரியரில் அனுப்புகிறேன். சில்லறை கொண்டு வருவதை வாயில் போடாதே. பாதி, கால் என்றுகூடப் பார்க்காதே.

அதே நிறம் இருக்கும், மேலே அதே எழுத்து அச்சாகியிருக்கும். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்பது செய்தவனுக்கே தெரியாது.

நெட்டையைப் பற்றி உன்னிடம் சொன்னதில்லை. கவுண்டரில் என் பக்கத்தில் நின்றவன். மேல்தட்டு மருந்தையெல்லாம் எட்டி எடுத்து, கேட்காமலே என் முன்னால் வைப்பான். நான் பாட்டுப் பாடினால் மட்டும் காதைப் பொத்திக்கொள்வான். அவனுக்கும் முதுகில்தான் ஆபரேஷன். அப்போது இந்தச் சட்டம் இல்லை. மாதக்கணக்கில் எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். எப்போது குறைப்பது, எப்படி நிறுத்துவது என்று யாரும் பேசவில்லை. வலி விட்டுப்போன பிறகும் மாத்திரை அவனை விடவில்லை. ஒரு நாள் டாக்டர் திடீரென்று கையை விரித்தார். அவன் வெளியே வாங்கினான். மருந்து விஷயத்தில் எங்கள் எல்லோரையும்விடக் கெட்டிக்காரன் அக்கா அவன். அவனாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் சரக்கு அறைக்குள் போனவன் திரும்பி வரவில்லை. கதவைத் திறந்தது நான்தான்.

அதனால்தான் "சட்டம்" என்று சொன்னபோது என் குரல் அப்படி இருந்தது. அந்தச் சட்டம் வந்த அன்று சந்தோஷப்பட்டவன் நான். அது ஆறுகிற உடம்பையும் இப்படிப் படுக்கையில் தள்ளும் என்று நினைத்துப் பார்க்கவில்லை.

நேற்று அரை நாள் லீவு போட்டு அந்தச் சட்டத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். ஏழு நாள் என்பது பொது விதி. பெரிய ஆபரேஷன் என்றால், காரணத்தை எழுதி, படிப்படியாகக் குறைக்கும் திட்டத்தையும் சேர்த்துக் கொடுத்தால், சர்ஜன் கூடுதல் நாளைக்கு எழுதலாம். உள்ளூர் டாக்டர் அதைத் தொடரலாம். இது அவர்களுக்கும் தெரிந்திருக்கும். தெரிந்தும் ஏன் செய்வதில்லை என்பதைச் சர்ஜனிடமே கேட்போம். அடுத்த வாரம் அவரே உன்னைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன். கார் ஏற்பாடு செய்கிறேன், பின் சீட்டில் படுத்தே போய் வரலாம்.

சனிக்கிழமை வருகிறேன். கதவைத் திறக்காவிட்டால் வாசலில் உட்கார்ந்து பாடுவேன். அக்கம்பக்கத்தாரிடம் நீதான் பதில் சொல்ல வேண்டும்.

தம்பி


மார்ச் 26

தம்பிக்கு,

கார் அனுப்பியதற்கு நன்றி சொல்லச் சொன்னார் உன் மாமா. நான் சொல்லவில்லை, அவர் சொன்னார்.

இரண்டு நாள் இருந்தும் அக்கா என்னோடு பேசவே இல்லையே என்று அவரிடம் புலம்பினாயாமே. என்ன பேசுவது? உள்ளே வந்தாய், ஒரு வார்த்தை கேட்காமல் தரையில் உட்கார்ந்து என் காலுக்குச் சாக்ஸ் மாட்டினாய். உன் உச்சந்தலையில் வழுக்கை விழ ஆரம்பித்திருப்பதை அப்போதுதான் பார்த்தேன். வாயைத் திறந்திருந்தால் அழுதிருப்பேன், அப்புறம் நீயும் அழுதிருப்பாய், உன் மாமா எங்கே போவார்?

சில்லறை கொடுத்த அட்டையை நீ கேட்பதற்கு முன்பே தலையணை உறைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தேன். பிரிக்காத அட்டை என்பதை நீயே பார்த்தாய். ஆனால் ஒன்று சொல்கிறேன். உன் கூரியர் வரும்வரை அது என் கையில்தான் இருந்தது. உன் மாமா "அவன் வர்ற வரைக்கும் பொறு" என்று ஷிப்டுக்குக்கூடப் போகாமல் என் எதிரே உட்கார்ந்திருந்தார். அவரைத் தாண்டி அதைப் பிரிக்க முடியவில்லை. கடிதத்தைப் படித்த பிறகு பிரிக்கத் தோன்றவில்லை. அந்த நெட்டைப் பிள்ளையை நான் பார்த்ததே இல்லை. இருந்தாலும் என் வாசல்படியில் வந்து நின்றுவிட்டான்.

சர்ஜனைப் பார்த்தோம். நீ சொல்லிக் கொடுத்தபடி, ஏன் கூடுதலாக எழுதுவதில்லை என்று உன் மாமாதான் மெல்லக் கேட்டார். சர்ஜன் பேனாவை மூடி வைத்தார்.

"உங்களைக் கஷ்டப்படுத்தணும்னு இல்லம்மா. எழுத வழி இருக்கு, எனக்கும் தெரியும். போன வருஷம் என்கூட இருந்த டாக்டர் அப்படித்தான் எழுதினார். அதிகமா எழுதுறார்னு நோட்டீஸ் வந்துச்சு. விசாரணை இழுத்துக்கிட்டே போச்சு. கடைசில அவர் மேல தப்பே இல்லைன்னாங்க. அதுக்குள்ள மனுஷர் வேலையை விட்டுட்டுப் போயிட்டார். அதுலேர்ந்து இங்க எல்லாருக்கும் பயம்."

முகமெல்லாம் களைப்பு. எனக்கே பாவமாக இருந்தது. ஆனால் அவரைப் பாவம் பார்த்தால் என் முதுகு ஆறாதே.

"டாக்டர், நான் பஸ் ஓட்டுறவ. ஒரு வளைவுல வண்டி கவுந்துடுச்சுன்னா அங்க மெதுவாப் போங்கன்னு போர்டு வெப்பாங்க. வளைவு வந்ததும் எல்லாரும் இறங்கி நடங்கன்னு யாரும் சொல்ல மாட்டாங்க" என்றேன்.

உன் மாமா என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். சர்ஜன் சிரித்துவிட்டார்.

"அதுலயும் உங்களால நடக்கக்கூட முடியாம ஆக்கிட்டோம்" என்றார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "எழுதறேன். ஆனா ஏத்துறதுக்கு எழுதினா இறக்குறதுக்கும் சேர்த்துத்தான் எழுதுவேன். குறைக்கறப்போ உடம்பு அடம் பிடிக்கும். அப்ப எனக்கு போன் பண்ணி இதே மாதிரி வாயடிக்கக் கூடாது."

"வாயடிப்பேன் டாக்டர். ஆனா சொன்னபடி கேப்பேன்."

என் முன்னாலேயே கிளினிக் டாக்டரம்மாவைப் போனில் கூப்பிட்டுப் பேசினார். இனி வாரா வாரம் அந்த அம்மா பார்ப்பார், திட்டப்படி குறைப்பார். தெருவைத் தாண்டினால் போதும். மாத்திரை உன் மாமா பொறுப்பில். அவர் இருக்கிறாரே, அன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தைச் சாப்பாட்டுப் பையில் போட்டு நீரேற்று நிலையத்துக்கே கொண்டுபோகிறார். ஊருக்குத் தண்ணீர் விடுகிறவர் எனக்கு மாத்திரை விடுகிறார்.

இன்று காலை மறுபடி தெருமுனைவரை நடந்தேன். இருமவும் இருமினேன், ஆசை தீர.

போன் இருக்கிறதே என்று சொல்லாதே. போனில் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய். கடிதத்தில்தான் என்னால் முழுதாகத் திட்ட முடிகிறது.

அக்கா


ஏப்ரல் 9

அக்காவுக்கு,

நீ இருமியதைப் படித்து ஒரு ஆள் சந்தோஷப்பட்டான் என்றால் அது நானாகத்தான் இருக்கும்.

குறைக்க ஆரம்பித்திருப்பீர்கள். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கொட்டாவி வரும், மூக்கு ஒழுகும், வியர்க்கும், காரணமில்லாமல் எரிச்சல் வரும். கடைசியாகச் சொன்னது வந்திருப்பதை மாமாவால் கண்டுபிடிக்க முடியுமா என்பது சந்தேகம். அது வலி திரும்பி வருவதல்ல, உடம்பு பழக்கத்தை விடும்போது பண்ணுகிற ரகளை. தாங்க முடியாமல் இருந்தால் டாக்டரம்மாவிடம் சொல், இறங்கும் வேகத்தைக் குறைப்பார். நீயாக வேகம் கூட்டாதே. உன்னை எனக்குத் தெரியும்.

இங்கே ஒரு விஷயம். நேற்று ஒருவர் இதே மாத்திரைக்குச் சீட்டு கொண்டுவந்தார். கழுத்தில் ஆபரேஷன், பட்டை போட்டிருந்தார். மீண்டும் மீண்டும் வருகிறார் என்று கணினி சிவப்பாகக் காட்டியது. எப்போதும் போல அட்டையை வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தவன், நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். "உக்காருங்க, எங்கேருந்து வர்றீங்க?" என்று கேட்டேன். உன்னைப் போலவே அரை நாள் பயணம். அவருடைய டாக்டரைப் போனில் பிடித்துப் பேசினேன். கூடுதல் நாளைக்கு எழுத அவருக்கும் தயக்கம்தான், ஆனால் எழுதினார். வரிசையில் நின்றவர்கள் என்னை முறைத்தார்கள். முறைக்கட்டும்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். "எனக்கு ஒரு ஆளைத் தெரியும்" என்று சில்லறை சொன்னானே. அவனுக்கு ஏன் தெரியும் அக்கா?

தம்பி


மே 16

தம்பிக்கு,

உன் கேள்விக்கு உடனே பதில் எழுதாததற்குக் காரணம், அது எனக்குப் பிடிக்கவில்லை. உதவ வந்தவனைப் போலீஸ் போலச் சந்தேகப்படுகிறானே என்று நினைத்தேன். அதோடு எனக்கு அப்போது உலகத்திலேயே யாரையும் பிடிக்கவில்லை. நீ எழுதிய ரகளை ஒன்று விடாமல் நடந்தது. உப்பு கூடிப்போயிற்று என்று உன் மாமா சமைத்ததைத் தள்ளி வைத்தேன், மறுநாள் உப்பே இல்லை என்று தள்ளி வைத்தேன். அவர் இரண்டு நாளும் ஒரே அளவுதான் போட்டாராம். போர்த்தினால் வியர்வை, எடுத்தால் நடுக்கம், விடாமல் கொட்டாவி. ஒரு வாரம் டாக்டரம்மா அளவைக் குறைக்காமல் அப்படியே வைத்தார். "தோத்துட்டோம்னு நெனைக்காதீங்க, மூச்சு வாங்க நிக்கறோம்" என்றார். பிறகு மறுபடி இறங்கினோம். போன வாரத்தோடு அந்த மாத்திரை முடிந்தது. இப்போது சாதாரணக் காய்ச்சல் மாத்திரைதான், அதுவும் வேண்டும்போது மட்டும்.

இனிமேல்தான் விஷயம்.

நேற்று டிப்போவரை நடந்தேன். வழியில் ஒரு தடவை கடை வாசல் ஸ்டூலில் உட்கார்ந்து எழுந்தேன், அவ்வளவுதான். பணிமனைப் பக்கத்துப் பெஞ்சில் சில்லறை இருந்தான். என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தான், முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அன்று வெயிலே இல்லை, ஆனால் அவன் சட்டைக் காலர் ஈரம். பேசிக்கொண்டிருக்கும்போதே கொட்டாவிமேல் கொட்டாவி. மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தான். மூன்று வாரம் கண்ணாடியில் நான் பார்த்த முகம்டா அது.

"எத்தனை நாளா சாப்பிடுற?" என்று கேட்டேன்.

"என்னக்கா?"

"என்கிட்டயேவா?"

முட்டியைத் தட்டிக் காட்டினான். "முட்டிக்கா. நாள் பூரா நின்னு நின்னு தேஞ்சு போச்சு. மொதல்ல டாக்டர்தான் குடுத்தார். புதுச் சட்டம் வந்ததும் திடுதிப்புனு நிறுத்திட்டார். எனக்கு நிக்கல. இன்னைக்கு அந்த ஆள் வரல, அதான் இப்படி."

"அப்போ எனக்குக் கொண்டுவந்து குடுத்தது?"

"என்னோடதுலேர்ந்து எடுத்ததுக்கா. நீங்க கெடந்ததைப் பாக்க முடியல."

தனக்கு இல்லாவிட்டால் இந்தப் பாடு படுவோம் என்று தெரிந்தும் எனக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறான். அது விஷமாகவும் இருந்திருக்கலாம். இரண்டையும் ஒன்றாக வைத்து யோசித்தால் எனக்குத் தலை சுற்றுகிறது. அறைவதா, கட்டிக்கொள்வதா என்று தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"வேலை போயிடும்கா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றான். உன்னிடம் மட்டும் சொல்வேன் என்றேன். தலையாட்டினான். அவனை என்ன செய்வது? திட்டாமல் சொல்.

அக்கா


மே 20

அக்காவுக்கு,

முதலில் நீ: அந்த மாத்திரை முடிந்தது என்ற வரியை இங்கே கடையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன்.

இப்போது அவன். திட்டுவதற்கு இதில் ஒன்றுமில்லை. இது நோய், இதற்கு மருத்துவம் இருக்கிறது. ஒரேயடியாக நிறுத்தச் சொல்லாதே, அவனை மிரட்டாதே, தனியாகவும் விடாதே. உன்னைப் பார்க்கும் டாக்டரம்மாவிடம் இன்றே கூட்டிக்கொண்டு போ. அவர் சீட்டு எழுதித் தரட்டும். இந்தப் பழக்கத்திலிருந்து மீட்பதற்கென்றே எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு பிரிவு இருக்கிறது. அங்கே பேசிவிட்டேன், இடம் இருக்கிறது. உடம்பின் தவிப்பை அடக்க வேறு மருந்து கொடுத்து, மெல்ல மெல்ல நிலைக்குக் கொண்டுவருவார்கள். முட்டியையும் பார்ப்பார்கள். முட்டியைப் பார்க்காமல் மாத்திரையை மட்டும் பிடுங்கியதுதானே வினை.

ஆரம்பத்தில் சில நாள் உள்ளே இருக்க வேண்டியிருக்கும். பிறகு தினமும் வந்து போக வேண்டும். அதற்கு அவன் எங்கே தங்குவான் என்று கேட்பாய். என் வீட்டில். ஆஸ்பத்திரி நடக்கிற தூரம்தான். மருத்துவ விடுப்புக்கு எலும்பு டாக்டரும் சான்று தருவார், அதில் பொய் எதுவும் இல்லை.

நெட்டை உயிரோடிருந்தபோது எங்களுக்கு இப்படி ஒரு பிரிவு கிடையாது. அவன் போன பிறகு ஆரம்பித்ததுதான். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்துவிடுவேன். நேற்றுத்தான் முதல் முறையாகக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். வெளிச்சமான இடம் அக்கா. ஜன்னலோரம் நாலு பேர் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தார்கள்.

எந்த ரயிலில் வருகிறான் என்று மட்டும் எழுது. நானே ஸ்டேஷனுக்குப் போகிறேன்.

தம்பி


ஆகஸ்ட் 23

தம்பிக்கு,

உன்னிடம் போனில் சொல்லிவிடலாமென்று மாமா துடித்தார். விடவில்லை. இதை நான்தான் எழுத வேண்டும்.

போன வாரம் சர்ஜன் கடைசியாக ஒரு தடவை படம் எடுத்துப் பார்த்தார். எலும்பு ஒட்டிவிட்டது. இப்போது பெரிய ஆபரேஷன் ஆகிறவர்கள் எல்லோருக்கும் வீட்டுக்கு அனுப்பும்போதே மாத்திரையை இறக்குவதற்கான திட்டத்தையும் எழுதி, அவரவர் ஊர் டாக்டரிடம் பேசிவிடுகிறாராம். "நோட்டீஸ் வந்துச்சா டாக்டர்?" என்றேன். "இன்னும் வரல. வந்தா உங்களைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுவேன்" என்றார்.

செவ்வாய்க்கிழமை தகுதித் தேர்வு. டிப்போ மைதானத்தில் காலி பஸ், பக்கத்தில் பரிசோதகர். வளைத்தேன், பின்னால் எடுத்தேன், மேட்டில் நிறுத்தி எடுத்தேன். ஓட்டிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று "பிரேக்!" என்று கத்தினார். மிதித்தேன். முதுகு முழுக்க ஒரு கணம் மூச்சை நிறுத்திக்கொண்டது. எனக்கு ஒன்றும் பயமில்லை என்று எழுத ஆசைதான், ஆனால் பயந்தேன். வண்டி நின்றது. எனக்குள் எதுவும் உடையவில்லை. பரிசோதகர் முன்னால் சாய்ந்து கம்பியில் நெற்றியை இடித்துக்கொண்டார். நெற்றியைத் தேய்த்தபடியே கையெழுத்துப் போட்டார்.

சில்லறை திரும்பி வந்ததும் டிப்போ மேலாளரிடம் தானே போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லச் சொல்லவில்லை. மேலாளர், "மெடிக்கல் லீவுன்னுதானே போட்டிருக்க. ஒடம்பு தேவலையா?" என்று கேட்டாராம். "பரவால்ல சார். மருந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன், இன்னும் கொஞ்ச மாசம் சாப்பிடணும்." "அப்ப சாப்பிடு. போய் டூட்டியைப் பாரு. டிப் டாப்பா நிக்கணும்னு இல்ல, முடியலைன்னா உக்காந்து டிக்கெட் குடு." கண்டக்டருக்கென்று வாசலோரம் ஒரு மடக்கு இருக்கையும் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். உன் வீட்டில் இருந்தபோது நீ பாடியதை அவன் சகித்துக்கொண்டது பற்றி எங்களிடம் விரிவாகச் சொன்னான். அதை இங்கே எழுதவில்லை.

இன்று காலை முதல் டிரிப். இன்னும் வலி இருக்கிறதா என்று கேட்பாய். இருக்கிறது. டிரிப் முடிந்து இறங்கும்போது எட்டிப் பார்க்கும், தரையில் படுத்துப் பிசியோ பெண் சொன்னதைச் செய்தால் போய்விடும். அதற்கும் எனக்கும் இப்போது பேச்சுவார்த்தை உண்டு.

சீட்டை முன்னால் இழுத்துப் போட்டேன். கண்ணாடிகளைத் திருப்பினேன், ஆறு மாதமாக யாரோ தன் உயரத்துக்கு வைத்திருந்தார்கள். ஆட்கள் ஏறினார்கள். யாருக்கும் எதுவும் தெரியாது. துணி மூட்டையோடு வந்த ஒரு பெண் மட்டும் என் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"எங்கக்கா ஆளையே காணோம்? வேற ரூட்ல போட்டுட்டாங்களா?"

"ஆமாம்மா, கொஞ்சம் சுத்திட்டு வந்தேன்" என்றேன்.

பின்னாலிருந்து மணி அடித்தது. கிளட்ச்சை மிதித்து, கியரைப் போட்டு, வண்டியை எடுத்தேன்.

அக்கா